1998 ஹங்கேரி கிராண்ட் பிரீ: எங்கே வெல்லப்பட்டது என்று வரைபடம் போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி?

தொலைக்காட்சியில் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயம் பார்க்கும்போது யார் யாரை முந்தினார் என்பதுதான் கண்ணில் படும். ஆனால் பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்ப அனுமதி இருந்த 1994 முதல் 2009 வரையிலான காலத்தில், பல வெற்றிகள் பாதையில் முந்தாமலேயே கிடைத்தன. 1998 ஆகஸ்ட் 16 அன்று ஹங்கரோரிங்கில் 77 சுற்றுகள் ஓடிய பந்தயம் அதில் முக்கியமானது. முதல் இரண்டு இடங்களில் மிகா ஹக்கினெனும் டேவிட் கூல்ட்ஹார்டும் மெக்லாரனில் புறப்பட்டார்கள். மூன்றாம் இடத்தில் ஃபெராரியில் மைக்கேல் ஷூமாக்கர். முந்துவதற்கு இடமே இல்லாத அந்தக் குறுகிய பாதையில் அவர் பிட் நிறுத்தங்கள் (எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் பாதையோரம் அணியிடம் நிற்பது) வழியாகவே இருவரையும் கடந்து 9.433 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். எப்படி என்பதைக் காணொளி காட்டாது, வரைபடம் காட்டும். அதை நீங்களே போடும் முறைதான் இது.

தேவையானவை

ஒவ்வொரு ஓட்டுநரின் சுற்று வாரியான நேரப் பட்டியல், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், பந்தயத்தின் முழு நீளக் காணொளி. சுருக்கக் காணொளி வேண்டாம். பிட்டில் கார் எத்தனை விநாடி நின்றது என்பது அதில் பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். எல்லா ஓட்டுநர்களையும் ஏற்ற வேண்டியதில்லை. ஷூமாக்கர், கூல்ட்ஹார்ட், ஹக்கினென், வில்லியம்ஸ் அணியின் வில்நெவ் ஆகிய நால்வர் போதும். முதல் முறை செய்பவர்கள் மழை பெய்த பந்தயத்தையும் சேஃப்டி கார் (விபத்து போன்ற நேரத்தில் எல்லோரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் கார்) வந்த பந்தயத்தையும் எடுக்காதீர்கள். இடைவெளிகள் செயற்கையாகச் சுருங்குவதால் கணக்கு குழம்பிவிடும்.

கோடு போடுவது

ஸ்ப்ரெட்ஷீட்டின் முதல் நெடுவரிசையில் சுற்று எண், 1 முதல் 77 வரை. அடுத்தடுத்த நெடுவரிசைகளில் ஒவ்வொருவரின் சுற்று நேரம், விநாடியில். 1 நிமிடம் 21.5 விநாடியை 81.5 என்று மாற்றி எழுதுங்கள்; நிமிடக் கணக்கில் வைத்தால் பிறகு கூட்டல் கழித்தலில் தவறு வரும். பக்கத்திலேயே மொத்த நேரம், அதாவது அந்தச் சுற்று முடிய ஆன கூட்டுத்தொகை.

மொத்த நேரத்தை அப்படியே வரைந்தால் எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே தடித்த கோடாகத் தெரியும். அதனால் ஒரு ஒப்பீட்டு நேரம் வேண்டும். வெற்றியாளரின் சராசரியை எடுத்துக்கொள்வது வழக்கம். ஷூமாக்கர் ஓடி முடித்த நேரம் 1 மணி 45 நிமிடம் 25.550 விநாடி. 77 சுற்றால் வகுத்தால் சுற்றுக்கு 82.15 விநாடி. இனி ஒவ்வொரு சுற்றுக்கும் இதைச் செய்யுங்கள்: சுற்று எண்ணை 82.15 ஆல் பெருக்கி, அதிலிருந்து அந்த ஓட்டுநரின் மொத்த நேரத்தைக் கழியுங்கள். வருகிற எண்தான் கோட்டின் உயரம்.

கோடு மேலே ஏறினால் சராசரியைவிட வேகம், இறங்கினால் மெதுவு. பிட் நிறுத்தம் செங்குத்தான பள்ளமாகத் தெரியும். ஷூமாக்கரின் கோடு கடைசியில் பூஜ்யத்தில் வந்து முடிய வேண்டும், கூல்ட்ஹார்டின் கோடு அதற்கு 9.4 விநாடி கீழே. அப்படி முடியவில்லை என்றால் எங்கோ ஓர் எண்ணைத் தவறாக ஏற்றியிருக்கிறீர்கள். மேலே போகாமல் அதை முதலில் தேடுங்கள்.

பிட் நிறுத்தத்தின் விலை

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். உள்ளே வரும் சுற்றை மட்டும் பார்ப்பார்கள், அல்லது வெளியேறும் சுற்றை மட்டும். நேரக் கோட்டுக்கு முன்னால் நிற்கிற கார் என்றால் நின்ற நேரம் உள்வரும் சுற்றில் சேரும். கோட்டைத் தாண்டி நிற்கிற கார் என்றால் அடுத்த சுற்றில் சேரும். அதனால் இரண்டையும் கூட்டி, வழக்கமான சுற்று நேரத்தின் இரு மடங்கைக் கழியுங்கள். உதாரணமாக வழக்கமான சுற்று 81, உள்வரும் சுற்று 86.5, வெளியேறும் சுற்று 100.5 என்றால், 187 கழித்தல் 162, இழப்பு 25 விநாடி.

"43-ஆம் சுற்றில் நிறுத்தினார்" என்றால் 43-ஆம் சுற்றின் முடிவில் உள்ளே வந்தார் என்று பொருள். ஒரு சுற்று தள்ளிக் குறித்துவிட்டால் கீழே வரும் எரிபொருள் கணக்கு முழுவதும் பிசகும்.

ஷூமாக்கர் 25, 43, 62-ஆம் சுற்றுகளில் நின்றார். ஆகவே அவர் ஓடிய நான்கு பகுதிகள் 25, 18, 19, 15 சுற்றுகள். கூல்ட்ஹார்ட் தன் இரண்டாவது, கடைசி நிறுத்தத்தை 44-இல் செய்தார். மீதி 33 சுற்று.

எரிபொருளின் எடை

நேரப் பட்டியலில் அச்சாகாத எண் இதுதான், ஆனால் ஊகித்துவிடலாம். அந்தக் காலத்து பத்து சிலிண்டர் கார்களுக்கு இந்தப் பாதையில் சுற்றுக்கு 2 கிலோ எரிபொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ கூடினால் சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடி போகும்.

44-ஆம் சுற்றில் கூல்ட்ஹார்ட் 33 சுற்றுக்கு நிரப்பியாக வேண்டும்: 66 கிலோ. 43-இல் ஷூமாக்கர் 19 சுற்றுக்கு நிரப்பினால் போதும்: 38 கிலோ. கூல்ட்ஹார்ட் நிரப்பும்போது ஷூமாக்கர் ஒரு சுற்று கூடுதலாக ஓடி 2 கிலோ எரித்திருப்பார், அவரிடம் 36 கிலோ. வித்தியாசம் 30 கிலோ. இருவரும் ஒரே அளவில்தான் எரிக்கிறார்கள் என்பதால் இந்த வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று குறையாது. 62-ஆம் சுற்று வரை அப்படியே இருக்கும். அதன் மதிப்பு சுற்றுக்கு 0.9 விநாடி.

இப்போது ஃபெராரியின் திட்டப் பொறுப்பாளர் ராஸ் பிரான், மூன்றாவது நிறுத்தத்துக்குப் பின்னும் முன்னால் இருக்க, ஷூமாக்கரிடம் ரேடியோவில் கேட்டதை நினைத்துப் பாருங்கள்: 19 சுற்றில் 25 விநாடி லாபம். வகுத்தால் சுற்றுக்கு 1.3 விநாடி. கேட்கும்போது நடக்காத காரியம் போலத் தோன்றும். ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு எடைக் குறைவாலேயே வந்துவிடுகிறது. மிச்சம் அரை விநாடிக்கும் குறைவு. அதைத்தான் ஓட்டுநர் தன் காலாலும் கையாலும் சம்பாதிக்க வேண்டும். ஷூமாக்கரின் அதிவேகச் சுற்றான 1:19.286 வந்தது 60-ஆவது சுற்றில், அதாவது டாங்கி ஏறக்குறைய காலியாக இருந்தபோது. கணக்கும் நடந்ததும் இப்படிக் கைகோக்கும்போது உங்கள் ஊகம் சரி என்று நம்பலாம்.

62-க்குப் பிறகு இருவரிடமும் 15 சுற்றுக்கான எரிபொருள்தான். எடை சமம். அங்கிருந்து கோடுகள் விலகினால் காரணத்தை டயரிலும் முன்னால் போகும் கார்களிலும் தேடுங்கள்.

நிரப்பிய அளவைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. நிரப்பும் கருவி எல்லா அணிகளுக்கும் ஒன்றே. விநாடிக்குச் சுமார் 12 லிட்டர் பாயும். காணொளியில் கார் நின்ற நேரத்தை எடுத்து, குழாயைப் பொருத்தி எடுக்க 2 விநாடி கழியுங்கள். 6.5 விநாடி நின்றால் 4.5 விநாடிப் பாய்ச்சல், 54 லிட்டர். லிட்டருக்கு 0.74 கிலோ என்றால் 40 கிலோ, அதாவது 20 சுற்று. டயர் மாற்றுவது இதற்குள் முடிந்துவிடும் என்பதால் நின்ற நேரத்தைத் தீர்மானிப்பது எரிபொருள்தான். எதிரணியின் பிட் சுவரில் (அணியின் பொறுப்பாளர்கள் உட்காரும் பாதையோரச் சுவர்) இருந்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

மூன்று நிறுத்தம் இயல்பிலேயே சிறந்ததா?

இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மொத்த எரிபொருள் 154 கிலோ. இரண்டு நிறுத்தம் என்றால் சமமான மூன்று பகுதிகள், காரில் சராசரியாக 25.7 கிலோ. மூன்று நிறுத்தம் என்றால் நான்கு பகுதிகள், சராசரி 19.3 கிலோ. 6.4 கிலோ மிச்சம், சுற்றுக்கு 0.19 விநாடி, 77 சுற்றுக்கு ஏறக்குறைய 15 விநாடி லாபம். கூடுதல் நிறுத்தத்தின் முக்கியச் செலவோ பிட் லேனை (நிறுத்தத்துக்காக மெதுவாகப் போகும் பக்கப் பாதை) கடக்கும் 18 விநாடி அளவு. நிரப்பும் நேரம் முழுவதையும் இதில் சேர்க்கக் கூடாது. மொத்த எரிபொருள் ஒன்றுதான்; புறப்படும்போது குறைவாக ஏற்றிய 13 கிலோவுக்கு ஒன்றரை விநாடியும் குழாயைப் பொருத்தி எடுக்க 2 விநாடியும்தான் அதிகம். பலர் 25 விநாடி முழுவதையும் செலவில் எழுதிவிட்டு மூன்று நிறுத்தம் பைத்தியக்காரத்தனம் என்று முடிவு கட்டுவது இந்தத் தவறினால்தான்.

எனவே காகிதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். புதிய டயர் அந்தச் சில விநாடிகளை ஈடுகட்டலாம். தராசைச் சாய்த்தது வெற்றுப் பாதை. மெக்லாரன்களின் பின்னால் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஃபெராரியின் வேகம் வீண்தான். அதனால்தான் பந்தயத்தின் நடுவில் திட்டத்தை மூன்று நிறுத்தமாக மாற்றினார்கள்.

சிக்கிய சுற்றுகளைப் பிரித்தெடுப்பது

இரண்டு கார்களின் கோடுகள் ஒன்றரை விநாடிக்குள் இணையாகச் சில சுற்று ஓடினால் பின்னால் இருப்பவர் சிக்கியிருக்கிறார். முதல் நிறுத்தத்துக்குப் பின் ஷூமாக்கர் வில்நெவின் வில்லியம்ஸுக்குப் பின்னால் மாட்டியது இப்படித்தான் தெரியும். அந்தச் சுற்றுகளை அவருடைய உண்மையான வேகமாக எண்ணாதீர்கள். வேறு நிறத்தில் குறித்து, சராசரி எடுக்கும்போது விட்டுவிடுங்கள்.

52-ஆம் சுற்றில் ஷூமாக்கரின் கோட்டில் ஒரு சிறு வெட்டு இருக்கும். கடைசித் திருப்பத்தில் பாதையை விட்டு வெளியே போய் வந்தார். தனி ஒரு சுற்றில் வரும் பள்ளத்துக்கு எடையோ டயரோ காரணமாகாது. காணொளியில் அந்தச் சுற்றைப் போட்டுப் பாருங்கள்.

படிப்படியாகச் சரியும் கோடு வேறு வகை. 46-இல் நிறுத்திய பிறகு ஹக்கினெனின் கோடு அப்படிச் சாயும். முன்பக்க சஸ்பென்ஷனில் கோளாறு. கூல்ட்ஹார்டும் சில சுற்றுகள் அவருக்குப் பின்னால் நேரம் இழந்தார். ஆகவே கூல்ட்ஹார்டின் அந்தச் சுற்றுகளையும் தனியே குறிக்க வேண்டும். இல்லையென்றால் ஷூமாக்கரின் லாபம் முழுவதும் திட்டத்தால் வந்தது என்று தப்பாகத் தெரியும்.

ஹக்கினெனின் கோடு 76-இல் நின்றுவிடுவதைப் பார்த்து எண் விடுபட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு சுற்று பின்தங்கி ஆறாவதாக வந்தார். 77-ஆவது சுற்றை அவர் ஓடவே இல்லை.