பப்ஸ் சூடானால் பில் வராது

எங்கள் பேக்கரியில் சாயங்கால நெரிசலில்தான் பில் பிரிண்டர் மக்கர் பண்ணும். டேப்லெட்டில் ஆர்டர் போட்டால் சும்மா இருக்கும். அப்புறம் எல்லா பில்லையும் மொத்தமாகத் துப்பும். இன்டர்நெட்காரர் வந்து பார்த்து, லைனில் கோளாறு இல்லை என்றார். உண்மைதான்.

பப்ஸ் சூடாக்க மைக்ரோவேவ் ஓடும்போதுதான் இந்தத் தொல்லை. அந்த ஓவன் இயங்குவது சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில், வைஃபையின் 2.4 பேண்டும் (அலைவரிசையும்) அதே இடம். ஓவனிலிருந்து கொஞ்சம் கசியும் அலையே வைஃபையைக் குழப்பப் போதும். ரவுட்டரோ ஓவனுக்கு நேர் மேலே, அலமாரியில்!

ரவுட்டரைக் கழற்றிக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். போனில் வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்தால், அக்கம்பக்கத்துக் கடைகள் எல்லாம் 6-ஆம் சேனலில் (பேண்டுக்குள் இருக்கும் ஒரு தடம்) நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. (ஓவன் இதில் தெரியாது, அது வைஃபை இல்லையே.) இந்த பேண்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11. எங்களுடையதை 1-இல் நிறுத்தி, அது மற்ற சேனல்மேல் ஏறாமலிருக்கச் சேனல் அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். டேப்லெட்டை வைஃபையின் இன்னொரு பேண்டான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அதற்குச் சுவர் தாண்டும் தெம்பு குறைவு, ஆனால் சின்னக் கடைக்குப் போதும்.

பிரிண்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. இருந்த இடத்தை விட்டு நகராத பொருளுக்கு வைஃபை எதற்கு? லேன் கேபிள் இழுத்துவிட்டேன். இப்போது ஓவன் ஓடினாலும் பில் உடனே வருகிறது. கேமரா மட்டும் 2.4-இல்தான், எப்போதாவது திக்கும்.