அகராதியில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குட்டி எண்ணை

ஆங்கில அகராதியில் ஒரு சொல்லுக்குப் பத்துப் பதினைந்து பொருள் கிடந்தால், மேலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். தலைச்சொல்லின் (பொருள் சொல்லப்படும் அந்தச் சொல்லின்) தோளில், சற்று மேலே, 1, 2 என்று குட்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே எழுத்துள்ள சொல் தனித்தனிப் பதிவுகளாக வந்து இந்த எண் மாறினால், பெரும்பாலும் சொல்லின் பிறப்பே வேறு. உங்களுக்குச் சம்பந்தமில்லாத பதிவை முழுசாகத் தாண்டிவிடலாம்.

'மேட்ச்' என்ற சொல்லை எடுங்கள். ஒன்று, துணை, இணை என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சமமான எதிராளியோடு ஆடும் கிரிக்கெட் மேட்ச், புடவைக்குத் தைக்கும் மேட்சிங் பிளவுஸ் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். இன்னொன்று, திரி என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல். முதலில் விளக்குத் திரி, அப்புறம் பீரங்கிக்குத் தீ வைக்கும் கயிறு, 19ஆம் நூற்றாண்டில்தான் தீக்குச்சி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிரிக்கெட் 'பேட்'டும் வௌவாலைக் குறிக்கும் 'பேட்'டும் அப்படித்தான்.

'ரன்' போன்ற சொற்களிடம் இது பலிக்காது. ஓடுவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, மூக்கு ஒழுகுவது அத்தனையும் ஒரே பதிவுக்குள் கிடக்கும். அங்கே பக்கத்துச் சொல்லை வைத்துத்தான் பொருளைப் பிடிக்க வேண்டும். சில அகராதிகள் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று பிரித்தும் எண் போடும். சந்தேகம் வந்தால் பதிவோடு இருக்கும் சொற்பிறப்பு வரியைப் பாருங்கள்.