டாம்போ ஓரத்துல தோட்டம் போடறது எப்படி, நடுவுல கை வைக்காம

ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே பக்கம் விவசாய வேலை, என்ஜிஓ வேலைன்னு போறவங்க கண்டிப்பா டாம்போங்கற ஈரநிலத்தப் பாத்துருவீங்க. மியோம்போ காட்டு மரமெல்லாம் ஒரு கோடு போட்ட மாதிரி சட்டுனு நின்னுடும், அதுக்குக் கீழ தாழ்வா, நீளமா, வெறும் புல்லு மட்டும். நவம்பர்ல இருந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் மழை, அப்போ அங்க தண்ணி தேங்கி வேர் அழுகிடும், அதான் மரம் வர்றதில்ல. அப்புறம் ஆறு மாசத்துக்கு மேல மழையே கிடையாது, சுத்தி எல்லாம் காஞ்சு கிடக்கும்போது இங்க மட்டும் கொஞ்சம் தோண்டினா தண்ணி.

போன உடனே மண்வெட்டிய எடுக்காதீங்க, முதல்ல ஊர்த்தலைவர்கிட்ட பேசுங்க. காலியா கிடக்கற மாதிரிதான் தெரியும், ஆனா மாடு மேயறது, கூரைக்குப் புல் அறுக்கறது, ஏற்கனவே தோட்டம் வச்சிருக்கற பொம்பளைங்க, இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் யாராவது இருப்பாங்க. ஜிம்பாப்வேன்னா இன்னொரு தலைவலி, சட்டம். ஆரம்பத்துல வந்த வெள்ளக்கார விவசாயிங்க கோதுமைக்காக டாம்போவ வடிய வச்சு உழுது, ஓடை ஓடையா அரிச்சுப் போச்சு, அதுக்கப்புறம் 1927 தண்ணி சட்டம், 1941 இயற்கை வளச் சட்டம்னு போட்டு கையால ஓரத்துல பயிர் வச்சிட்டிருந்த ஊர்க்காரங்களையும் சேத்துத் தடுத்தாங்க. செஞ்சது ஒருத்தன், தண்டனை இன்னொருத்தனுக்கு! இப்பவும் ஈரநிலத்துல வேலை செய்யணும்னா ஈஎம்ஏ, அதாவது அரசாங்க சுற்றுச்சூழல் ஏஜென்சிகிட்ட அனுமதி கேக்கணும்.

இடம் பாக்கறது செப்டம்பர், அக்டோபர்ல, எல்லாம் நல்லா காஞ்சிருக்கும்போது. மரம் முடியற கோட்டுல இருந்து கீழ நடந்துகிட்டே மண்ணக் கிளறிப் பாருங்க. மேல் ஓரத்துல வெளுத்த மணல், நடுவுல போகப் போக கறுப்பு களி, காஞ்சா நம்ம கரிசல் மாதிரியே வெடிக்கும். உங்க தோட்டம் அந்த மேல் ஓரத்துலதான், கடப்பாரையால தோண்டி ஒண்ணு ரெண்டு மீட்டர்ல தண்ணி வந்தா அந்த இடம் போதும். நடுவ அப்படியே விட்டுடுங்க, உழவே கூடாது.

தண்ணி எடுக்கறதுலயும் கவனமா இருங்க. டாம்போ மழைத்தண்ணிய உறிஞ்சி வச்சு கோடை முழுக்க ஆத்துக்கு விடுதுன்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு இருக்கு, அளந்து பாத்த ஆராய்ச்சிங்க அது அவ்ளோ நேரா இல்லன்னு சொல்லுது, தேங்கின தண்ணில பெரும்பகுதி புல்லு வழியாவும் ஆவியாவும்தான் போகுது, நிலம் முழுசா ஊறினப்புறம் பெய்யற மழை வேகமா ஓடிடும். அதனால அள்ள அள்ளக் குறையாத தொட்டின்னு நெனச்சு பெரிய மோட்டார் வச்சு உறிஞ்சாதீங்க. கையால தோண்டின கிணறு, பூவாளி, கொஞ்சம் வசதி இருந்தா மலாவில நெறைய பேர் வச்சிருக்கற கால்ல மிதிக்கற டிரெடில் பம்ப், அவ்ளோதான். தைலமரமும் ஓரத்துல வேண்டவே வேண்டாம், அது குடிக்கற தண்ணி உங்க கிணத்துத் தண்ணிதான்.

ஈரம் ஜாஸ்தியா இருக்கற இடம்னா அகலமா மேட்டுப்பாத்தி, நடுவுல அகலமான பள்ளம்னு சரிவுக்குக் குறுக்க போடுங்க, சரிவோட போட்டீங்கன்னா அது வாய்க்காலாகி தண்ணியயும் மண்ணயும் இழுத்துட்டுப் போயிடும். மேட்டுல மக்காச்சோளம், தக்காளி, வெங்காயம், ஜிம்பாப்வேல சட்ஸாங்கற மக்காச்சோளக் களிக்குத் தொட்டுக்கற கோவோ கீரை, பள்ளத்துல நெல்லு. மக்காச்சோளத்த மழைக்குக் காத்திருக்காம ஆகஸ்ட், செப்டம்பர்லயே இருக்கற ஈரத்துல ஊனிடணும், அப்பதான் டிசம்பர், ஜனவரில பச்சைக்கதிரா ஒடைக்கலாம். மலாவில குதிர் காலியாகி பசி வாட்டற மாசமே அதுதான், மேட்டுக்காட்டுப் பயிர் அப்பதான் முழங்கால் உயரம் வளந்திருக்கும். அந்தக் கதிர் வீட்டுக்குச் சாப்பாடு, மிச்சம் சந்தைல காசு, டாம்போவோட மதிப்பே அங்கதான் இருக்குன்னு நான் சொல்லுவேன்.

வேலி முக்கியம். அறுப்பு முடிஞ்சா மாடுங்கள அவுத்து விட்டுடுவாங்க, பச்சையா இருக்கறது உங்க பாத்தி மட்டும்தான், முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிடுங்க, ஆனா மாடு தண்ணிக்கு இறங்கற வழிய மட்டும் மறிக்காதீங்க, சண்டை வரும்.

மேல சரிவையும் கவனிங்க, அங்க இறங்கற மழைதான் கீழ ஈரமா வருது. ஜிம்பாப்வேல ஸ்விஷவானே பக்கம் செஃபனையா பிரி மசேகோன்னு ஒரு விவசாயி, 2015ல காலமானார், ஈரத்துல பயிர் வச்சதுக்கு கோர்ட்டுக்கு எல்லாம் போனவரு, பாறைல இருந்து ஓடி வர்ற தண்ணிய கல்லு கட்டி, குழி வெட்டி மண்ணுக்குள்ள இறக்கியே காஞ்ச ஊர்ல தோட்டம் வளத்தாரு. அதே மாதிரி உங்க பாத்திக்கு மேல ரெண்டு வரிசை கல்லு வைங்க.

முதல் பெரிய மழைக்கப்புறம் ஒரு ரவுண்டு போங்க. ஒத்தையடிப் பாதை, மாட்டுத்தடம், செங்கல்லுக்கு மண் எடுத்த குழி, அரிப்பு பெரும்பாலும் இங்கதான் ஆரம்பிக்கும். முழங்கால் ஆழத்துல சின்னதா ஒரு வெட்டு தெரிஞ்சாலே கல்லும் முள்ளும் போட்டு அடைச்சிட்டு பாதைய வேற பக்கம் மாத்துங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டா அந்த வெட்டு மேல ஏறிகிட்டே வந்து மொத்த டாம்போவோட தண்ணியயும் வடிச்சிடும்.