மூலநிரலிலிருந்து லினக்ஸ்: முதலில் ஷெல்லைச் சோதியுங்கள்

லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் முறையில் மூலநிரலிலிருந்து லினக்ஸைக் கட்டும்போது ஜிசிசி கம்பைலர் (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கருவி) பாதியில் நின்றால், உடனே நிரலைச் சந்தேகிக்காதீர்கள். நீங்கள் தட்டும் கட்டளைகளை இயக்கும் ஷெல்லின் சூழலை முதலில் பாருங்கள்.

"எக்கோ டாலர் எல்எஃப்எஸ்" கட்டளையைத் தட்டுங்கள். புதிய அமைப்புக்கான கோப்புறையின் பாதை திரையில் வர வேண்டும். வெற்று வரி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக அப்படியே தொடர்ந்தால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் மீதே கோப்புகள் எழுதப்பட்டுவிடும். இழப்பு பெரியது.

எனக்கு வெற்று வரி வந்தது, கணினியை அணைத்துவிட்டு மறுநாள் தொடர்ந்தபோது. பயனரை மாற்றும் "எஸ்யு" கட்டளைக்குப் பின் வரும் சிறுகோட்டை விட்டிருந்தேன். அது இல்லாவிட்டால் உள்நுழைவு ஷெல் திறக்காது. பழைய பயனரின் சூழல் மாறிகள் (ஷெல் வைத்திருக்கும் அமைப்பு மதிப்புகள்) அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

டெபியன், உபுண்டு பயன்படுத்துவோர் ஈடிசி கோப்புறையிலுள்ள "பாஷ் டாட் பாஷ்ஆர்சி" கோப்பின் பெயரைத் தற்காலிகமாக மாற்றி வையுங்கள். அதிலுள்ள அமைப்புகளும் சத்தமின்றி உள்ளே நுழையக்கூடும்.

"செட் பிளஸ் ஹெச்" வரியையும் மறக்க வேண்டாம். நிரல்கள் இருக்கும் இடத்தை பாஷ் என்ற ஷெல் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை நிறுத்தாவிட்டால், புதிதாகக் கட்டிய கருவி பக்கத்திலேயே இருந்தாலும் பழையதைத்தான் அழைக்கும்.