சைக்கிள் சக்கரம் ஆடுகிறதா? கோனை நீங்களே சரிசெய்யலாம்

ஒரு கையால் முன் ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ரிம்மை இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று ஆடினால், முதலில் ஃபோர்க்கில் இருக்கும் நட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் கோன் தளர்ந்திருக்கிறது.

ஹப்பின் இரண்டு முனையிலும் கிண்ணம் மாதிரி ஒரு கப், ஆக்ஸில் மரையில் ஏறி இறங்கும் கோன், இரண்டுக்கும் நடுவே உதிரியாகப் பால்ரஸ் குண்டுகள், உள்ளே இருப்பது இவ்வளவுதான். கோனை உள்ளே திருகினால் குண்டுகள் நெருக்கப்படும், வெளியே திருகினால் தளரும். வைத்த இடத்தில் கோன் நிற்பதற்காக வெளியே ஒரு வாஷரும் லாக் நட்டும் இருக்கும். பாரிஸைச் சேர்ந்த ஜூல் சூரிரே சைக்கிள் பால் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கியது 1869-இல். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ தன் விலையுயர்ந்த ஹப்களில்கூட நெடுங்காலம் கப்-கோன் முறையை விடவில்லை.

சாமான்கள்: மெல்லிய கோன் ஸ்பேனர் (முன்னால் பெரும்பாலும் 13 மி.மீ., பின்னால் 15; பழைய சைக்கிள்களில் வேறாக இருக்கலாம், சக்கரத்தையே கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது), லாக் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர், லித்தியம் கிரீஸ், மண்ணெண்ணெய், பழைய துணி. தடித்த ஸ்பேனர் கோனின் ஒடுங்கிய பட்டையில் உட்காராது, முனையை மழுக்கிவிடும்.

சக்கரத்தைக் கழற்றி ஆக்ஸிலை விரலால் சுற்றிப் பாருங்கள். நறநறவென்றோ தடக் தடக்கென்றோ இருந்தால் வெறும் இறுக்கம் போதாது, திறந்தாக வேண்டும். ஒரு பக்கக் கோனையும் லாக் நட்டையும் தொடாதீர்கள். மறுபக்கம் கோனைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டைக் கழற்றி, அப்புறம் கோனையும் கழற்றுங்கள். கீழே ஒரு தட்டு இருக்கட்டும், குண்டுகள் சொல்லாமல் கொட்டும். எண்ணி வையுங்கள். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 அங்குலம். பின் ஹப்பில் 9, கால் அங்குலம் என்பது வழக்கம். உங்களுடையதில் எத்தனை இருந்ததோ, அதே எண்ணிக்கைதான் திரும்பப் போக வேண்டும்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டுக் கோனின் பளபளப்பான வளையத்தைப் பாருங்கள். அதில் பொடிப்பொடிக் குழிகள் இருந்தால் எவ்வளவு நேர்த்தியாக இறுக்கினாலும் பயன் இல்லை, கோனை மாற்றுங்கள். குண்டுகளையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள், பழையதில் புதிதைக் கலக்க வேண்டாம். விலையும் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை.

கப்பில் தாராளமாகக் கிரீஸ் வைத்துக் குண்டுகளை அதில் பதியுங்கள், பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலை நேராக நுழைத்துக் கோனை விரலாலேயே தொடும் வரை திருகுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் இதற்குப் பிறகுதான். ஆட்டம் சுத்தமாகப் போகும் வரை கோனை இறுக்கிவிட்டு லாக் நட்டைப் போட்டால் சக்கரம் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் மரையில் இருக்கும் சின்ன இடைவெளியை லாக் நட் அழுத்தி மூடும்போது கோன் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. அதனால் ஒரு மயிரிழை தளர்வு வைத்து, கோன் அசையாமல் பிடித்து, லாக் நட்டை இறுக்குங்கள். முதல் தடவையே சரியாக அமைவது அபூர்வம். நாலைந்து தடவை தளர்த்தி இறுக்க வேண்டி வரும், சலித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம்தான் இறுக்கம் என்றால் லாக் நட்டுகளைத் தளர்த்தாமலே, இரண்டு பக்கக் கோனிலும் ஸ்பேனர் போட்டு இரண்டையும் கழற்றும் திசையில் ஒரு துளி திருப்புங்கள்.

சோதனை: சக்கரத்தை மாட்டி, தூக்கி, டியூப் வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி நிறுத்தி விட்டுவிடுங்கள். கனமான பக்கம் தானாகக் கீழே இறங்கி, முன்னும் பின்னும் ஆடி மெதுவாக நின்றால் சரி. பாதியிலேயே நின்றால் பிரேக் கட்டை உரசுகிறதா என்று பார்த்துவிட்டுக் கோனைத் தளர்த்துங்கள். நட்டுக்குப் பதில் நெம்புகோலால் மாட்டும் குவிக் ரிலீஸ் சக்கரமானால், அந்த நெம்புகோலை மூடும்போது ஆக்ஸில் லேசாக அமுங்கும். மூடுவதற்கு முன் துளி ஆட்டமும், மூடியபின் ஆட்டமே இல்லாமலும் இருக்க வேண்டும்.

பின் சக்கரத்துக்கும் இதே வேலைதான். ஃப்ரீவீல் பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கத்திலேயே சரிசெய்யுங்கள்.