கிளார்க் கெர்ரை மேற்கோள் காட்டும்போது நேரும் தவறுகள்

கிளார்க் கெர் 1958 முதல் 1967 வரை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர். 1963-ல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய மூன்று உரைகள் 'தி யூசஸ் ஆஃப் தி யுனிவர்சிட்டி' என்ற நூலாக வந்தன. உயர்கல்விச் சீர்திருத்தம் என்று பேச்சு எடுத்தால் இன்றும் அவர் பெயர் வரும். ஆனால் அவர் சொன்னதற்கு நேர்மாறாகவே பல நேரம் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பெரிய தவறு 'மல்டிவர்சிட்டி' என்ற சொல்லில் நடக்கிறது. ஒரே நோக்கமுள்ள பழைய கல்விச் சமூகம் மறைந்து, ஆய்வுக்கூடமும் மருத்துவப் பள்ளியும் அரசு ஒப்பந்தமும் ஒரே பெயரின்கீழ் இயங்கும் பெரிய நிறுவனம் வந்துவிட்டது, அதுதான் மல்டிவர்சிட்டி என்றார் கெர். கண்ணெதிரே நடப்பதைத்தான் எழுதினார். அதை அவருடைய கனவுத் திட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1964-ல் அவருடைய பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேச்சுரிமைக்காகப் போராடிய மாணவர்கள்கூட அவரை அறிவுத் தொழிற்சாலையின் மேலாளராகத்தான் பார்த்தார்கள். அவர்களுடைய மனக்குறையை அதற்கு முந்தைய ஆண்டே எழுதி வைத்தவர் அவர்! 1960-ல் அமெரிக்க உயர்கல்விக்கு மத்திய அரசிடமிருந்து சுமார் 150 கோடி டாலர் வந்தது. இருபது ஆண்டுகளில் நூறு மடங்கு. பணம் ஆராய்ச்சியின் பக்கம் போனது, பேராசிரியர்களும் கூடவே போனார்கள். பேராசிரியர்கள் சிறக்கச் சிறக்க இளநிலை மாணவர்கள்மேல் அக்கறை குறைவது கொடிய முரண் என்று அவரே வருந்தினார். நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

அறிவை உருவாக்கிப் பரப்பும் துறைகளைக் குறிக்கும் 'அறிவுத் தொழில்' என்ற சொல்லையும் அவர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். அவர் அதைப் பொருளியலாளர் ஃபிரிட்ஸ் மாக்லப்பிடமிருந்து எடுத்தார்.

அப்புறம் கெர் முன்னின்று வகுத்த மாநில உயர்கல்வித் திட்டமான, 1960-ன் கலிஃபோர்னியா மாஸ்டர் பிளான். பள்ளி முடிப்பவர்களில் முதல் 12.5 சதவீதத்தினர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதி பெறுவார்கள் என்பதோடு நிறுத்திவிட்டால் அது வெறும் வடிகட்டியாகத் தெரியும். மற்ற எல்லோருக்கும் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகள் திறந்திருந்தன. அங்கே நன்றாகப் படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளவும் வழி இருந்தது. மாநில மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையும் அந்தத் திட்டம் உறுதிப்படுத்தியது. கதவைத் திறந்த பாதியை விட்டுவிட்டு, வடிகட்டிய பாதியை மட்டும் கெர்ரின் பெயரில் சிபாரிசு செய்வது அநியாயம்.

1963 பதிப்போடு நின்றுவிடவும் வேண்டாம். 1972, 1982, 1995, 2001 பதிப்புகளில் புதிய பகுதிகளைச் சேர்த்து, தான் முன்பு எழுதியதைத் தானே மறுபடி எடைபோட்டார். முதல்முறை படிப்பவர்கள் 2001 பதிப்பை எடுங்கள். அரசுப் பணம் பற்றிய இரண்டாவது உரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.