மவுஸ் பட்டதும் படம் மின்னி மறைகிறதா? பழைய பிரவுசரில் சரிசெய்யும் முறை

பொத்தான் மேல் மவுஸைக் கொண்டுபோனதும் படம் கண நேரம் காணாமல்போய், வெற்றிடம் தெரிந்து, அதன் பிறகே அடுத்த படம் வருகிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 என்ற பழைய பிரவுசர் மட்டுமே இருந்த கணினிகளுக்காக ஒரு தளம் செய்தபோது மூன்று நாள் இதோடு மல்லுக்கட்டினேன். வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் ஓரளவு தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1. இரண்டு படங்களையும் ஒரே கோப்பாக்குங்கள். பொத்தான் 120-க்கு 40 பிக்சல் என்றால் கோப்பு 120-க்கு 80. மேல்பாதியில் சாதாரண நிலை, கீழ்பாதியில் மவுஸ் பட்ட நிலை. ஜாவாஸ்கிரிப்டால் படத்தை மாற்றும் பழைய முறை எனக்குப் பிடிக்காது. மவுஸ் பட்ட பிறகு இரண்டாவது கோப்பு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்; முன்கூட்டியே இறக்கிவைக்கத் தனியாக நிரல் எழுத வேண்டும்.

படி 2. இணைப்புக்கு டிஸ்ப்ளே பிளாக், அகலம், உயரம், பின்னணிப் படம் கொடுங்கள். ஹோவரில், அதாவது மவுஸ் மேலே இருக்கும் நிலையில், பின்னணியின் இடத்தை மட்டும் 0, −40 பிக்சல் என்று மாற்றுங்கள். படம் திரும்பத் திரும்ப வராமலிருக்க நோ-ரிப்பீட் போட்டிருக்கும்போது மைனஸ் குறி விடுபட்டால் பொத்தான் வெறுமையாகிவிடும். இந்த பிரவுசரில் முகவரி கொடுக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே ஹோவர் வேலை செய்யும். டிவ், பட்டியல் உறுப்பு எதிலும் செய்யாது.

படி 3. நான் தடுமாறிய இடம் இதுதான். என் கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. பயன்படுத்துபவரின் கணினியிலோ, ஒரே கோப்பாக்கிய பிறகும் படம் மின்னியது. மவுஸ் குறி மணற்கடிகாரமாக மாறி மாறி வந்தது. தற்காலிகக் கோப்புகளுக்கான அமைப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும்படி அங்கே தேர்வுசெய்திருந்தார்கள். அந்த அமைப்பில், மவுஸ் படும்போதெல்லாம் பின்னணிப் படத்தை சர்வரிடம் மறுபடி கேட்கிறது இந்த பிரவுசர். உங்கள் கணினியிலும் அதே தேர்வை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழை கண்ணில் படவே படாது.

தீர்வு ஒரே வரி ஜாவாஸ்கிரிப்ட். டாகுமென்ட்டின் எக்ஸெக்-கமாண்டை அழைத்து, பேக்ரவுண்ட்-இமேஜ்-கேஷ் என்ற பெயரை இடைவெளியோ கோடோ இல்லாமல் ஒரே சொல்லாகக் கொடுத்து, அதன் பின் ஃபால்ஸ், ட்ரூ என்று எழுதுங்கள். மற்ற பிரவுசர்களில் இது பிழை காட்டக்கூடும் என்பதால் கட்டாயம் பிழையைப் பிடித்துக்கொள்ளும் ட்ரை-கேட்சுக்குள் வையுங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இல் முதல் சர்வீஸ் பேக் போட்ட பதிப்பிலிருந்து இது வேலை செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிறுத்தப்பட்ட கணினிகளுக்கு, இணைப்பைத் தாங்கும் பட்டியல் உறுப்புக்கும் அதே படத்தைப் பின்னணியாகக் கொடுங்கள். வெற்றிடம் தெரியாமல் அடியிலுள்ள படம் மறைத்துவிடும்.

பின்னர் சேர்த்தது: இணைப்புக்குள் ஸ்பான் வைத்து அதன் படத்தை மாற்ற முயன்ற நண்பருக்கு எதுவுமே மாறவில்லை. இணைப்பின் ஹோவரிலேயே ஏதாவது ஒரு பண்பு மாறினால்தான் இந்த பிரவுசர் உள்ளே இருப்பதை மறுபடி வரைகிறது. அங்கே டெக்ஸ்ட்-இன்டென்ட் 0 என்று சேர்த்ததும் சரியானது. அரைகுறை ஒளிபுகும் பிஎன்ஜி படம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது என்றார் இன்னொருவர். அதைச் சரிசெய்யவென உள்ள ஆல்ஃபா-இமேஜ்-லோடர் ஃபில்டர் பின்னணியின் இடமாற்றத்தை மதிக்காது. படி 2 அங்கேயே நின்றுவிடும். இந்த வேலைக்கு நான் ஜிஃப் கோப்பையே பயன்படுத்துகிறேன்.